கல் நட்டவன் நின்ற இடம்

பழைய பாம் கையடக்கக் கருவிகளில் பேட்டரி மாற்ற ஒரு நிமிடம்தான் அவகாசம். மெல்லிய டிரிபிள் ஏ பேட்டரி இரண்டு. பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுகிற இடைவெளியில், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரம் நினைவகத்தைத் தாங்கிக்கொள்ளும். நிமிடம் தாண்டினால் முகவரி, தேதி, குறிப்பு எல்லாம் போய்விடும். காட்டுக்குள் நான் பேட்டரி மாற்றும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நொடி எண்ணுவார். "முப்பது... முப்பத்தஞ்சு... போதும்யா, மூடு."

அது 2004ஆம் வருடக் கோடை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்கு மேற்கே பீவர்ட்டனில் குடியிருந்தேன். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் ஆறு மாத விசாவில் அழைத்து வந்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக இருந்தவர். வெயிலில் நடந்து பழகிய மனிதர், கம்பளம் விரித்த வீட்டுக்குள் என்ன செய்வார்? இரண்டு வாரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் அவரை என்னோடு கேஷ் தேடக் கூட்டிப் போனேன். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் கொண்டு தேடுவது, அந்த டப்பாதான் கேஷ்.

ஜியோகேஷிங் என்ற அந்த விளையாட்டு அப்போது நான்கு வயதுக் குழந்தை. அது பிறந்த இடமும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள்தான். அதுவரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். 2000 மே 1 நள்ளிரவில், அதிபர் கிளிண்டன் உத்தரவுப்படி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகத்திலுள்ள எல்லா ஜிபிஎஸ் கருவிகளும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியைக் கொண்டுபோய் வைத்தார். உள்ளே ஒரு குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், வீடியோ, மென்பொருள், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, குறிப்பேட்டில் எழுது, இவ்வளவுதான் விதி. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். செப்டம்பரில் சியாட்டிலைச் சேர்ந்த ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே ஒரு தளம் தொடங்கினார். அதன் பிறகு அது பூமியெங்கும் பரவிவிட்டது.

நான் சேர்ந்த புதிதில் எல்லாம் காகிதம். என்னிடம் இருந்தது கார்மின் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ். உள்ளங்கைக்குள் அடங்கும். ஐந்நூறு இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு எழுத்துப் பெயர் மட்டும்தான் வைக்கலாம். அம்புக்குறி காட்டும், எத்தனை மீட்டர் என்று சொல்லும், அத்தோடு சரி. அந்த இடத்தில் ஒளித்திருப்பது வெடிமருந்துப் பெட்டியா, ஃபிலிம் டப்பியா? பாதையிலிருந்து எந்தப் பக்கம் இறங்க வேண்டும்? இதற்கு முன் வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்? இதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கேஷுக்கும் இரண்டு மூன்று பக்கம் அச்செடுத்துக் கத்தையாகக் கொண்டு போவேன். ஓரிகன் மழையை அறிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் காகிதம் கூழாகும், மை கரைந்து விரலில் ஒட்டும்.

அதிலிருந்து என்னை மீட்டது பாம் எம்105. முகவரியும் சந்திப்பு நேரமும் குறித்துக்கொள்ள அலுவலகத்துக்காரர்கள் வைத்திருந்த கையடக்கக் கருவி அது. நினைவகம் 8 எம்பி. 160க்கு 160 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறத் திரை. வண்ணம் இல்லாததே காட்டில் வசதியானது. வெயில் ஏற ஏறத் திரை தெளிவாகத் தெரியும். முதல் நாள் இரவு, போகப் போகும் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள கேஷ்களின் கோப்பை இறக்கிக்கொள்வேன். ஒரு முறைக்கு ஐந்நூறு வரை தருவார்கள். அதை ஜிசாக் என்ற மென்பொருளில் சலித்து, ஒரு பிரதியைக் கேபிள் வழியாக மஞ்சள் கருவிக்கும், இன்னொன்றை கேஷ்மேட் என்ற செயலிக்காகப் பாமுக்கும் அனுப்புவேன். ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன இசை. முடிந்ததும் இன்னொன்று. அடுத்த அறையிலிருந்து அப்பா குரல் கொடுப்பார்: "ஏறிட்டா?"

ஏறாதது காட்டில் கிடைக்காது. இதை நான் குறையாகவே நினைத்ததில்லை. மரங்களுக்குள் இணையம் இல்லை, தொலைபேசிக் கோபுரமும் எட்டாது. முந்தின இரவு நாம் யோசித்துக் கட்டிய மூட்டைதான் நம்மோடு வரும், சோற்றுப் பொட்டலம் மாதிரி. இன்று கைப்பேசியில் உலகத்தின் எல்லாக் கேஷ்களும் நொடியில் வந்து நிற்கின்றன. நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் இரவு உட்கார்ந்து, மறுநாள் நடக்கப் போகிற பாதையை மனத்துக்குள் ஒரு முறை நடந்து பார்க்கும் அந்த வேலை போய்விட்டது. தேடலில் பாதி அந்த இரவில்தான் இருந்தது என்று இப்போதும் நம்புகிறேன்.

அப்பாவுக்குப் பாமில் முதலில் பிடித்தது துப்பு அவிழ்க்கும் வேலை. கேஷை ஒளித்தவர் தரும் துப்பு ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருக்கும். எச், ஏ, க்யூ, ஆர், ஈ என்று இருந்தால் 'அண்டர்' என்று படிக்க வேண்டும். கேஷ்மேட்டில் ஒரு தட்டுத் தட்டினால் தானாக அவிழும். தட்ட விடமாட்டார். விரல் விட்டு எண்ணி எண்ணித் தானே அவிழ்ப்பார். ஈர மரக்கட்டையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவர் எழுத்து எண்ணுகிற காட்சி இருபது வருடம் கழித்தும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

பாமில் எழுதுவதற்கு கிராஃபிட்டி என்று ஒரு முறை உண்டு. ஸ்டைலஸை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு எழுத்து. நடுக்கோடு இல்லாத ஏ, கூரை மாதிரி. ஒரு வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டார். பிறகு கேட்டார்: "இதுல நம்ம எழுத்து வராதா?" வராது என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் நோட் பேட் நினைவுக்கு வந்தது. அதில் கீறுவது படமாகவே பதியும். எந்த மொழி என்று அது கேட்பதில்லை. ஸ்டைலஸைக் கையில் கொடுத்தேன். குறுகின திரையில், நடுங்காத கையால், 'கல் இல்லை. டப்பா உண்டு' என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேஷுக்கும் ஒரு குறிப்பு. திசை, பாதையிலிருந்து எத்தனை எட்டு, பக்கத்தில் என்ன மரம். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் இலையை வரைந்துவிடுவார். முப்பது வருடம் புலத்தில் குறிப்பெடுத்த கை அது.

டக்ளஸ் ஃபர் காட்டுக்குள் ஜிபிஎஸ் திணறும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற மெல்லிய சமிக்ஞையை நனைந்த கிளைகள் பாதி விழுங்கிவிடும், மிச்சம் அடிமரங்களில் பட்டுத் திரும்பி வரும். அம்புக்குறி ஒரு நிமிடம் வலப்பக்கம், அடுத்த நிமிடம் முதுகுப்பக்கம். முதல் மாதம் நான் அந்த அம்பின் பின்னால் வட்டமடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்பா பாதையிலேயே நின்றுவிட்டார்.

"எய்யா, அந்தக் கருவியப் பையில போடு. டப்பா எங்கன்னு தேடாத. வச்சவன் எங்க நின்னு வச்சிருப்பான்னு பாரு. அவனும் இந்தப் பாதையிலதான வந்திருப்பான்? குனிய வாகான இடம் எது? எந்த மரம் அவனை மறைக்கும்?"

பிறகு பத்தடி தள்ளி ஒரு விழுந்த மரத்தைக் காட்டினார். அதன் அடியில் குச்சிகள் ஒரே திசையில் அடுக்கினாற்போல் கிடந்தன. "தானா விழுந்த குச்சி இப்பிடி வரிசையா கெடக்காது." குச்சிகளை விலக்கினால் பச்சை நிற வெடிமருந்துப் பெட்டி.

எல்லைக் கல் தேடித் தேடி வந்த பார்வை அது. சீமைக்கருவேலம் மூடிய புலங்களில், புலப்படத்தில் இருக்கிற கல் தரையில் இருக்காது. யாராவது இரவோடு இரவாகப் பிடுங்கி வரப்பை நகர்த்தியிருப்பார்கள், அல்லது மண் மூடியிருக்கும். அப்பா சங்கிலியைப் பிடித்து அளந்து, தலையாரி கடப்பாரையால் தோண்ட, ஒரு முழ ஆழத்தில் 'டங்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தைச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். சின்ன வயதில் விடுமுறைக்கு அவரோடு போய் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். பெட்டி மூடியில் என் விரல்நகம் பட்டபோது, எனக்கு அந்தக் கடப்பாரைச் சத்தம்தான் கேட்டது.

அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அக்டோபர் மழை சற்று விட்டிருந்தது. ஸ்கைலைன் பூலவார்ட் ஓரமாக ஒரு கேஷ், அதற்குப் பக்கத்தில் வில்லாமெட் ஸ்டோன் என்ற சின்னப் பூங்கா. சாலையிலிருந்து மரங்களுக்குள் ஒரு சிறு பாதை. முடிவில் தரையோடு ஒரு அளவைக் குறி. 1851 ஜூன் 4 அன்று, ஓரிகனின் முதல் சர்வேயர் ஜெனரலான ஜான் பிரெஸ்டன் அங்கே ஒரு தேவதாரு முளையை அடித்தார். ஓரிகன், வாஷிங்டன் என்ற இரண்டு மாநிலங்களின் நில அளவைக்கும் தொடக்கப் புள்ளி அதுதான். 1885இல் முளையை எடுத்துவிட்டுக் கல் நட்டார்கள். அங்கிருந்து ஆறு மைல் சதுரமாக நிலத்தை வகுத்து, ஒவ்வொன்றையும் முப்பத்தாறாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவின் பக்கம் ஒரு மைல், அதாவது 80 சங்கிலி.

"எந்தச் சங்கிலி?" என்றார் அப்பா.

கன்டர் சங்கிலி என்றேன். 66 அடி, 100 லிங்க்.

"நம்ம சங்கிலியா!"

அவருடைய பழைய புலப்படங்களில் அளவெல்லாம் லிங்கில்தான் இருக்கும். மீட்டர் பின்னால் வந்தது. நம் ஊரில் மனை வாங்குகிறவர்கள் இன்றும் வாய்க்கு வாய் சொல்கிற சென்ட் இருக்கிறதே, அது சரியாக ஆயிரம் சதுர லிங்க். நூறு சென்ட் ஒரு ஏக்கர், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். உலகத்தின் மறுபக்கத்தில் அதே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இந்தக் காட்டுக்குள் நடந்திருக்கிறார்கள். இந்தியாவை அளக்கப் புறப்பட்ட லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் முதல் அடிக்கோடு அளந்த கதையை எனக்குச் சிறுவயதில் சொன்னவர் அவர். செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குறியின் மேல் கிடந்த இலைகளைக் கையால் துடைத்தார். நெடுநேரம் எழவில்லை.

அன்று கேஷைத் தேடவே இல்லை. பாமை வாங்கி நோட் பேடில் எழுத ஆரம்பித்தார். ஒரு திரை நிரம்பி, அடுத்தது நிரம்பி, அதற்கடுத்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் ஹாட்சிங்க் செய்தபின் பெரிய திரையில் சேர்ந்து படிக்கலாம் என்றிருந்தேன். அன்றிரவு பெட்டி கட்டினோம். மறுநாள் விமான நிலையம். பிறகு வேலை, மழைக்காலம், ஒரு வீடு மாற்றம். வெளியே போகவே இல்லை. பாம் ஒரு மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. வசந்தத்தில் எடுத்தபோது பேட்டரி முழுதாகச் செத்திருந்தது. புதுசு போட்டதும், ஸ்டைலஸால் திரையைத் தொட்டு அளவு சரிசெய்யச் சொல்கிற அந்த முதல் நாள் பக்கம் வந்தது.

தொலைபேசியில் அப்பாவிடம் கேட்டேன். "என்ன எழுதுனேன்னு ஞாபகம் இல்லையே. கல்லப் பத்தி ஏதோ," என்றார். 2011இல் அவர் போய்விட்டார்.

அதற்கு முந்தைய குறிப்புகள் கணினியில் பத்திரமாக இருந்தன. பதினொன்று. எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். சாம்பல் புள்ளிகளாலான எழுத்து. கிட்டத்தில் பார்த்தால் சதுரம் சதுரமாக உடையும், கையை நீட்டிப் பிடித்தால் அப்பாவின் கையெழுத்தாகும். பாம் நிறுவனத்தை 2010இல் எச்பி வாங்கியது. கொஞ்ச காலத்தில் அந்தக் கருவிகளே மறைந்துபோயின. என் எம்105 இன்னும் ஓடுகிறது. பேட்டரி மாற்றும்போது இப்போதும் நொடி எண்ணுகிறேன், உள்ளே இழக்க ஒன்றும் இல்லை என்றாலும்.

டேவ் அல்மர் வாளி வைத்த இடத்துக்கு அந்தக் கோடையிலேயே ஒரு முறை போயிருந்தோம். அங்கே ஒரு நினைவுத் தகடு பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கேஷும் உண்டு. அதன் குறிப்பேட்டில் அப்பா தமிழில் பெயரும் ஊரும் எழுதி, அடியில் 'நில அளவர், ஓய்வு' என்று சேர்த்தார். ஏடு நிரம்பினால் புதுசு வைப்பது வழக்கம். அவர் எழுதிய ஏடு இப்போது அங்கே இருக்காது. வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். போர்ட்லாண்ட் பக்கம் போகிறவர்கள் ஒரு அரை நாள் ஒதுக்கி அங்கே போய், உங்கள் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிவிட்டு வாருங்கள். பென்சில் கொண்டு போங்கள். அந்த மழையில் மை நிற்காது.