சக்கரத்தின் ஆயுள்

மனிதனுக்கு ஆயுள் பார்க்க ஜோசியர் இருக்கிறார். சக்கரத்துக்கு ஆயுள் பார்க்க யார் இருக்கிறார்கள்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சென்ற கோடையில் எங்கள் வீட்டில் மூன்று நாள் இதே விவாதந்தான்.

எங்கள் ஊர் நரிக்குடி. திருச்சுழியைத் தாண்டிக் கிழக்கே வந்தால், மழையைக் காட்டிலும் முள் தாராளமாகக் கிடைக்கும் சீமை. என் தங்கை மகன் மலைப்பாதைச் சைக்கிள் பந்தயத்தில் பிரியமுள்ளவன். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்று விட்ட பந்தயம் அது. லீவுக்கு வந்தவன், "மாமா, கார்பன் சக்கரம் ஒரு ஜோடி பழைய விலைக்கு வருகிறது. கொஞ்சம் பணம் குறைகிறது" என்று மெல்ல ஆரம்பித்தான். விலையைக் கேட்டேன். ஒரு கறவை மாடு வாங்கலாம்!

"மாடாவது பால் கொடுக்குமே!" என்றாள் என் மனைவி.

எனக்குப் பணத்தைவிடப் பையனின் எலும்பைப் பற்றித்தான் விசாரம். மலைச் சரிவில் வேகமாக இறங்கும்போது முன் சக்கரம் உடைந்தால் என்ன ஆகும்?

பந்தயத்துக்குச் சக்கரம் லேசாக இருக்க வேண்டும் என்பது நியாயமே. கனமான சக்கரத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் மீண்டும் வேகப்படுத்துவதற்குள் கால் ஓய்ந்து போகும். கார்பன் ரிம் என்பது மயிரிழையிலும் மெல்லிய கரி நார்களைப் பல அடுக்காகப் பரப்பி, பிசினில் தோய்த்து, அச்சில் வைத்துச் சூடேற்றிச் செய்வது. துருப் பிடிக்காது. ஓயாத அதிர்ச்சியில் அலுமினியம் நாளடைவில் களைத்துப் போகும். கரி நார் அவ்வளவு எளிதில் களைப்பதில்லை. நன்றாகச் செய்த ரிம், பேரிங்கும் போக்ஸ் கம்பியும் தேய்ந்து, அவற்றை மாற்றிய பின்னும் பல வருஷம் உழைக்கும்.

அப்படியானால் ஆட்சேபம் என்ன? காயத்தை மறைக்கும் குணந்தான். அலுமினிய ரிம் கல்லில் மோதினால் நசுங்கும். கோணல் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரர் கோட்டம் எடுத்துக் கொடுப்பார். கார்பன் ரிம் நசுங்குவதில்லை. அடியைத் தாங்கிக்கொண்டு முன்போலவே பளபளக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் இருக்கும். பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துவிடும்.

இதில் எங்கள் ஊர் முள்ளுக்கும் பங்கு உண்டு. சீமைக்கருவேல முள் ரிம்மை ஒன்றும் செய்யாது, டயரைத்தான் குத்தும். காற்று மெல்ல இறங்கும். ஓட்டுகிறவனுக்குப் பந்தய மும்முரம். காற்றுக் குறைந்த டயர் சரளைக் கல்லில் ஏறும்போது அடி நேராக ரிம்மின் விளிம்பில் விழும். ஆகவே, ரிம்மின் ஆயுளைக் காப்பது ரிம் அல்ல, காற்று!

வண்டிச் சக்கரம் செய்து பழகிய ஆசாரியார் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தில் இழைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவைப் பூட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்கியவர். அவரிடம் சங்கதியைச் சொன்னேன்.

"தம்பி, சந்தையிலே பானை வாங்குகிறபோது தட்டிப் பார்க்கிறோமே, எதற்கு?" என்று கேட்டார்.

கார்பன் பரிசோதனையிலும் இதே வித்தை உண்டு! நாணயத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால், ஓசை மந்தமாகும் இடத்தில் சந்தேகம் கொள்ள வேண்டும். ஆனால் ஓசை சரியாக இருப்பதாலேயே ரிம்முக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடவும் முடியாது.

முடிவில் மாமா தீர்ப்புச் சொன்னேன். பிறர் ஓட்டிய கார்பன் சக்கரம் வேண்டவே வேண்டாம். அது எத்தனை கல்லில் அடிபட்டது என்பது விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். பழகுவதற்கு அலுமினியம் போதும். பந்தயத்துக்குக் கார்பன்தான் வேண்டுமென்றால் புதிதாக வாங்கு. பலத்த அடி பட்டால் விலையை நினைத்துத் தயங்காமல், பரிசோதிக்கும் வரை ஒதுக்கி வை. பாதிப் பணம் நான் தருகிறேன். மீதியை நீ சேர்த்துக்கொள்.

பையன் முகம் சற்று வாடியது. "அதுவரைக்கும்?" என்றான்.

"அதுவரைக்கும் தினம் புறப்படுமுன் டயரை அமுக்கிப் பார்க்கப் பழகு. அதற்குக் காசு வேண்டியதில்லை" என்றேன்.