பச்சை மரத்துக்கு மெருகு



திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தால் ஆரியசாலை வரும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய அந்தச் சந்தையில் இன்றும் மலையாளத்தோடு தமிழும் கலந்து ஒலிக்கிறது. பிழைப்புக்காக நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்தவர்களே எங்கள் சபையில் பெரும்பாலோர். அவர்களில் ஒருவர் மரக் கடைசல் வேலை செய்யும் பெரியவர். சபையில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். அவ்வூர் மரச்செப்புச் சாமான்களை வைத்து உங்களில் பலர் விளையாடியிருப்பீர்கள். முற்காலத்தில் மஞ்சள் கடம்பு மரத்தில் அவற்றைக் கடைந்தார்கள். ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க மரம் சுழலும். மற்றவர் உளி பிடிப்பார். அண்ணாச்சி பட்டறையில் சேர்ந்தது கயிறு இழுக்கும் பையனாகத்தான். இன்று மோட்டார் ஓடுகிறது. கட்டில் கால், மத்து, சப்பாத்திக் கட்டை என்று அவருடைய நாட்கள் போகின்றன.

2022ஆம் ஆண்டு நவம்பரில், ஜனவரியில் வரவிருந்த சபையின் ஆண்டு விழாவுக்கு மரத்தில் ஒரு காணிக்கைப் பாத்திரம் செய்து தரும்படி அவரிடம் கேட்டேன். விசுவாசி ஒருவருடைய வீட்டில் அப்போதுதான் ஒரு பலாமரத்தை வெட்டியிருந்தார்கள். துண்டைத் தட்டிப் பார்த்த அண்ணாச்சி தலையை அசைத்தார்.

"ஐயா, மரம் இன்னும் பச்சையா இருக்கு. இப்ப கடைஞ்சு முடிச்சா பொளந்துரும். முதல்ல கனமா ஒரு தடவை கடைஞ்சு வச்சிருவோம். காயட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கிடலாம்."

நான் கேட்கவில்லை. "விழாவுக்கு வேண்டும் அண்ணாச்சி. கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். என் அவசரத்துக்குக் கர்த்தருடைய நாமத்தைப் பயன்படுத்தினேன் என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன். போதகர் சொல்லுக்கு மறுசொல் சொல்லக்கூடாது என்று அவர் அடங்கிப்போனார்.

பாத்திரம் அழகாக வந்தது. மரம் சுழலும்போதே அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்தினார். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிந்தது. பின்பு தாழை மடலை வைத்துத் தேய்க்க, முகம் தெரியும் அளவுக்கு மெருகு ஏறியது. ஆண்டு விழாவில் எல்லாரும் புகழ்ந்தார்கள். பிப்ரவரி வெயிலில், எங்கள் தகரக் கூரையின் கீழ், ஒரு ஞாயிறு காலை அது விளிம்பிலிருந்து அடிவரை பிளந்திருந்தது.

அண்ணாச்சி என்னைக் குற்றப்படுத்தவில்லை. காரணத்தை மட்டும் சொன்னார். மரத்தின் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்குகிறது. உள்ளே ஈரம் இருப்பதால் உட்புறம் சுருங்க மறுக்கிறது. அந்த இழுபறியில் மரம் பிளக்கிறது. மேலே பூசிய மெருகு அதைத் தடுப்பதில்லை.

பிரியமானவர்களே, அந்தப் பிளவைத் தொட்டபோது எனக்கு ஒரு வாலிபனின் முகம் தெரிந்தது.

கிராமத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை தூக்க வந்தவன். 2021இல் ஞானஸ்நானம் பெற்றான். நல்ல குரல், கண்ணீரோடு சாட்சி சொல்லுவான். மூன்றே மாதத்தில் அவனை வாலிபர் கூட்டத்துக்குத் தலைவனாக்கினேன். ஊர் ஊராக அழைத்துப்போய் மேடையேற்றினேன். ஜனங்கள் அவனைப் பாராட்டினார்கள். எனக்கும் பெயர் கிடைத்தது. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அவன் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு அறையையே காலி செய்துவிட்டுப் போனான். 'பின்வாங்கிப்போனான்' என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், நூதன சீஷனைக் குறித்து பவுல் எச்சரிப்பதை வேதாகமக் கல்லூரியில் மனப்பாடமாகப் படித்தவன் நான்!

மார்ச் மாதத்தில் அண்ணாச்சியிடம் போய், "உங்கள் முறைப்படி ஒன்று செய்யுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றேன். வேறொரு பலாத் துண்டில், மரத்தின் நடுக்குருத்து வராமல் வெட்டினார். பத்து அங்குல அகலத்துக்கு ஓர் அங்குலக் கனம் விட்டு முதற்கடைசல் முடித்தார். இழை வெட்டுப்பட்ட முனைகளில் மெழுகு பூசினார். அங்கேதான் ஈரம் வேகமாக வெளியேறுமாம். கடைசல் சீவல்களுக்குள்ளேயே அதைப் புதைத்து வைத்தார்.

மாதந்தோறும் அதை எடுத்துப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, அடிப்பாகத்தில் பென்சிலால் எடையைக் குறித்தோம். முதலில் 1,850 கிராம். ஜூன் மழையில் எடை இறங்கவே இல்லை. நவம்பரில் 1,260. டிசம்பரிலும் அதே 1,260. "இனி இது தயார், ஐயா" என்றார்.

வட்டமாக வைத்தது முட்டை வடிவமாகக் கோணியிருந்தது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் அதிகமாகச் சுருங்கும். அந்தக் கோணலை எடுப்பதற்காகவே முதலில் அவ்வளவு கனம் விட்டிருந்தார். உளியைத் தீட்டி, மறுபடியும் மெல்லிதாகக் கடைந்து, பெரிய பொடியிலிருந்து சிறிய பொடி வரைக்கும் உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில்தான் அரக்கைக் கையில் எடுத்தார்.

எரேமியா 18ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி போன குயவன் வீட்டைப் பற்றிப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். களிமண் கெட்டுப்போனால் அதையே பிசைந்து மறுபடியும் வனையலாம். கடைசல்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. உளி எடுத்ததை ஒட்டவைக்க முடியாது. தேவன் குயவனாயிருக்கிறார். நம்முடைய கையில் இருப்பதோ உளி என்று இப்போது எண்ணுகிறேன்.

2024 ஜனவரியில், அந்த வாலிபன் நாகர்கோவிலில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு ரயிலேறிப் போனேன். தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தனியா இருக்கும்போது ஜெபிக்கவே வராத நாள்லயும் மேடையில சத்தமா ஜெபிச்சேன், ஐயா. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு" என்றான்.

சபைக்குத் திரும்பி வா என்று நான் அழைக்கவில்லை. சாப்பிட்டாயா, தங்க இடம் எப்படி என்று மாத்திரம் கேட்டேன். இன்றுவரை அவன் திரும்பவில்லை. எப்போதாவது தொலைபேசியில் பேசுகிறான். நான் பிரசங்கிப்பதில்லை; கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது பாத்திரம் ஒவ்வொரு ஞாயிறும் சபையில் கைமாறிச் செல்கிறது. மஞ்சளாயிருந்த பலா இப்போது பழுப்பாகி வருகிறது. பிளந்த பாத்திரம் என் மேஜைமேல் இருக்கிறது. யாரையாவது மேடையேற்ற நினைக்கும்போது அதன் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அன்பான பெற்றோரே, ஊழியரே, உங்கள் வீட்டிலும் சபையிலும் இன்னும் ஈரம் காயாத ஒரு பிள்ளை இருக்கலாம். மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்று அந்தப் பிள்ளையின்மேல் மெருகு ஏற்றிக்கொண்டிருக்கிறீர்களா? உளியைச் சற்றுக் கீழே வையுங்கள். காத்திருக்கும் பெலனைக் கர்த்தர் தாமே நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.