கிரிசம்மாவின் தாய்

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் குடும்ப மரம் வரையும் நடவடிக்கை ஒன்று உண்டு என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவர். பெற்றோர்களும் அறிவர், பெரும்பாலான வீடுகளில் அதை வரைந்து கொடுப்பது அவர்கள்தாமே! சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பாட்டியின் தாய்க்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது.

"வீட்டுல யாருக்கும் பேரு தெரியல டீச்சர். கட்டத்த அழிச்சிடவா?"

"அழிக்காதே, அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவள் நகரவில்லை. "நீங்க உங்க மரத்த வரைஞ்சிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் போதிக்கிறேன். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வரைந்ததும் இல்லை.

வரையாததற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் தாய்வழிக் குடும்பம் பினாங்கைச் சேர்ந்தது. அம்மாவின் பாட்டிக்குப் பாட்டியின் பெயர் கிரிசம்மா. அவள் ஒரு வெள்ளைக்கார வணிகரின் மகள் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. திருமண வீடுகளில் பெரியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். குழந்தை யாராவது சற்று வெளுப்பாகப் பிறந்துவிட்டால் உடனே, "துரை இரத்தம்!" என்பார்கள். எனக்கு அந்தப் பெருமை சிறு வயது முதலே பிடித்ததில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆன பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். கிரிசம்மா என்ற பெயரைக்கூட, கிறிஸ்து என்ற சொல்லின் திரிபாக இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஆயினும் அந்தச் சிறுமியின் கேள்வி என்னை விடவில்லை. அம்மாவுக்கு எண்பது வயது ஆகப்போகிறது. இனியும் கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

துரையின் பெயரை அம்மா அறிந்திருந்தார். அதை இங்கே எழுத வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள்; ஆகவே ஆண்டுகளையும் சற்று மங்கலாகவே சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் முன்பு நார்த்தாம் சாலை என்று வழங்கிய சுல்தான் அஹ்மட் ஷா சாலையில், பழைய புரொட்டஸ்தாந்து கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1794-இல் மறைந்த பிரான்சிஸ் லைட்டின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துச் சென்றேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றுகொள்ள, நான் ஒவ்வொரு கல்லாகப் படித்து வந்தேன். பிற்பகலில் கிடைத்தது. பெயர், வயது, மறைந்த ஆண்டு. அவற்றுக்குக் கீழே ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூர்.

ஸ்காட்லாந்துக்காரர் என்பதில் வியப்பு ஏதுமில்லை. அக்காலப் பினாங்கு, சிங்கப்பூர் வணிகத்தில் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. லைட்டின் கூட்டாளியான ஜேம்ஸ் ஸ்காட் அந்நாட்டவர். பினாங்குவாசிகள் அறிந்த பாடாங் பிரவுன் திடலுக்குப் பெயர் தந்த டேவிட் பிரவுனும், லாங்ஃபார்மேகஸ் என்னும் ஸ்காட்லாந்துக் கிராமத்திலிருந்து வந்து குளுகோரில் தோட்டம் போட்டு, 1825-இல் மறைந்தவர். 1821-இல் சிங்கப்பூரில் அலெக்சாண்டர் கத்ரி தொடங்கிய வணிக நிறுவனம், பின்னாளில் நம் மக்கள் பால்மரம் சீவிய எத்தனையோ தோட்டங்களின் உடைமையாளர் ஆயிற்று. எங்கள் துரை இவர்கள் அளவுக்குப் பெரியவர் அல்லர். வரலாற்று நூல் எதிலும் அவர் பெயரை நான் காணவில்லை.

அப்படிப்பட்ட ஒருவரை எங்கே தேடுவது? இங்கேதான் ஸ்காட்லாந்து மக்களின் பதிவு வழக்கம் என்னை வியக்க வைத்தது. அந்நாட்டில் 1855-ஆம் ஆண்டில்தான் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது. அதற்கு முன்பு, ஏறத்தாழ 900 தேவாலய வட்டாரங்களில் அந்தந்தத் தேவாலயமே ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும், சில இடங்களில் அடக்கத்தையும் ஏட்டில் எழுதி வைத்தது. அவற்றுள் மிகப் பழையது எரல் என்னும் ஊரில் 1553-இல் தொடங்குகிறது. இந்த ஏடுகள் இன்று எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்னும் அதன் இணையத்தளத்தில் பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தேடலாம். ஏட்டின் பக்கத்தைப் பார்க்கத்தான் கட்டணம். (என் கணவர் அந்தக் கட்டண ரசீதுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், எதற்கு என்று தெரியவில்லை.)

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஏடுகளைப் பல ஊர்களில் எழுதியவர் யார் தெரியுமா? ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர்தான்! தேவாலயச் சபையின் எழுத்தர் வேலையும் அவர் தலையிலேயே விழுந்திருக்கிறது. பள்ளி நேரம் முடிந்த பிறகும் பதிவேடு நிரப்புவது நமக்கு மட்டும் வாய்த்த பேறு அன்று.

கல்லறையில் இருந்த வயதைக் கொண்டு கணக்கிட்டு, அவ்வூர் ஏட்டில் துரையின் ஞானஸ்நானப் பதிவைக் கண்டுபிடித்தேன். அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நான்கு மாதங்கள் அந்தப் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் தொடர்ந்து, தாள் தாளாக எழுதிக் குவித்தேன். பிறகுதான் அவர் வேறு ஆள் என்பது தெரிந்தது.

அதே ஊரில், அதே பெயரில், இரண்டாண்டு இடைவெளியில் பிறந்த இருவர் இருந்தனர். இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். இது அங்கே அடிக்கடி நேர்வதாம். ஸ்காட்லாந்தில் முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் வைப்பது பரவலான வழக்கம். மகள்களுக்கும் இவ்வாறே பாட்டிமார் பெயர்கள் வரும். அண்ணனும் தம்பியும் தத்தம் தலைமகனுக்குத் தங்கள் தந்தையின் பெயரையே சூட்டினால், ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பேரன் என்ற நம் சொல்லே பெயரன்தானே! பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பயிற்சிக் காலத்திலேயே படித்த நான், அதை ஸ்காட்லாந்தில் தவற விட்டிருக்கிறேன்.

இரண்டாமவரின் பதிவைத் திறந்தேன். 1783 முதல் 1794 வரை பிரிட்டனில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. அதற்கு அஞ்சிப் பதியாமலே விட்டவர்கள் பலர். இவர் பிறந்தது அந்த ஆண்டுகளுக்குள்தான். நல்ல வேளையாக வீட்டார் வரி கட்டியிருக்கிறார்கள். தந்தையின் பெயர், தொழில், இருப்பிடம். அடுத்துத் தாயின் பெயர், அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு. ஸ்காட்லாந்து ஏடுகளில் பெண்கள் திருமணத்திற்குப் பிறகும் தங்கள் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை.

அந்தத் தாயின் பெயர் கிரிஸெல்.

அது ஸ்காட்லாந்துப் பெண்களிடையே வழங்கிய பழைய பெயர். நான் மேசையை விட்டு எழுந்து, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். கிரிஸெல். கிரிசம்மா. பினாங்கில் பிறந்த மகளுக்குத் தம் தாயின் பெயரைச் சூட்டியிருக்கிறார் அந்த மனிதர். அதுவரை அவரை வெறும் துரையாகவே எண்ணியிருந்தேன். அன்றுதான் அவர் ஒருவருக்கு மகன் என்பதும் எனக்கு உறைத்தது.

அதற்குப் பின் உயில். ஸ்காட்லாந்தில் ஒருவர் இறந்தால், உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய அசையும் சொத்துகளைப் பற்றிய ஆவணத்தை நீதிமன்றம் பதிவு செய்யும். நிலத்தை உயிலால் எழுதிக் கொடுக்க 1868 வரை அங்கே வழியில்லை. ஆகவே உயிலில் நிலம் காணப்படாவிட்டால் ஏழை என்று முடிவு செய்துவிடக் கூடாது. வெளிநாட்டில் இறந்த ஸ்காட்லாந்துக்காரரின் ஆவணங்கள் எடின்பரோ நீதிமன்றத்தில் பதிவாயின. பினாங்கில் 1807-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் நீதிமன்றம் ஏற்பட்டிருந்தது. எங்கள் துரை பினாங்கில் எழுதிய உயிலின் படி எடின்பரோ பதிவில் கிடைத்தது.

எழுத்தைப் படிக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. வணிகப் பங்கு கூட்டாளிக்கு. பன்னிரண்டு வெள்ளிக் கரண்டிகளும் கைக்கடிகாரம் போன்ற பையில் வைக்கும் கடிகாரமும் ஊரில் உள்ள தமக்கைக்கு. மகள் கிரிஸெலுக்கு ஸ்பானிய டாலரில் ஒரு தொகை. அவள் வளரும் வரை கூட்டாளி பாதுகாக்க வேண்டும். கடைசியாக ஒரு வரி: என் வீட்டில் வசிக்கும், மேற்படி மகளின் தாயாகிய உள்ளூர்ப் பெண்ணுக்கு மாதந்தோறும் இவ்வளவு.

அவ்வளவுதான். பெயர் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் இருந்த தேவாலயங்களின் பதிவுப் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பல, இணையத்திலும் காணக் கிடைக்கின்றன. கிரிசம்மாவின் ஞானஸ்நானப் பதிவை அங்கே கண்டேன். குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தேதி எல்லாம் உண்டு. தாய், அங்கும் ஓர் உள்ளூர்ப் பெண்தான். அக்காலத்தில் இப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை. பிரான்சிஸ் லைட் தம் உயிலில் தம்மோடு வாழ்ந்த மார்த்தினா ரோசெல்ஸின் பெயரை எழுதியிருக்கிறார். எழுதலாம் என்றால் எழுத முடிந்திருக்கிறது.

இன்னொன்றும் என்னை உறங்க விடவில்லை. உள்ளூர்ப் பெண் என்றால் யார்? சோழமண்டலக் கரையிலிருந்து தமிழர்கள் பினாங்குக்கு லைட்டின் காலத்திலேயே வந்துவிட்டார்கள். எனினும் அவள் தமிழ்ப் பெண் என்று அந்த ஆவணங்களில் ஒரு சொல்கூட இல்லை. மலாய்ப் பெண்ணாக இருந்திருக்கலாம். சயாமியப் பெண்ணாகவும் இருந்திருக்கலாம். துரை இரத்தத்தைப் பற்றிக் கூச்சப்பட்ட நான், மறுபக்கம் தமிழ் என்பதை ஒருநாளும் ஐயுற்றதில்லை. நாற்பது வயதைத் தாண்டி இதை எண்ண நேர்ந்தது எனக்கு எளிதாக இல்லை.

எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். தேவாலய ஏட்டையும் மூன்று பென்ஸ் வரியையும் வெள்ளிக் கரண்டியையும் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமாக்கள் இருந்திருந்தால் துரையின் ஊரைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அது சரிம்மா. கிரிசம்மாவ பெத்தவ பேரு என்னா?"

இல்லை என்றேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "உனக்கு உன் பாட்டி பேரத்தான் வெச்சோம். உன் பாட்டிக்கு, அவங்க பாட்டி பேரு. அவங்க யாரு? கிரிசம்மாவோட ரெண்டாவது மக. மூத்தவளுக்குப் புருஷன் வீட்டுப் பேரு வெச்சா, ரெண்டாவதுக்கு யாரு பேர வெப்பா?"

அதாவது, தன் தாயின் பெயரை. எடின்பரோவில் இருந்துகொண்டு ஆய்வாளர்கள் செய்வதைத்தான் அம்மா பிரம்பு நாற்காலியில் அமர்ந்துகொண்டு செய்தார். ஆனால் பெயர் வழக்கம் ஒரு துப்பே அன்றிச் சான்று ஆகாது என்று அவர்களும் எச்சரிப்பார்கள். கிரிசம்மா மணந்தது ஒரு தமிழரை. அந்தப் பெயர் கணவர் வீட்டார் விரும்பி வைத்ததாகவும் இருக்கலாம். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"அப்போ பென்சில்ல எழுது" என்றார்.

ஆண்டிறுதியில் மாணவர்களின் குடும்ப மரங்களை வகுப்பின் பின்சுவரில் ஒட்டினோம். என்னுடையதையும் ஒட்டினேன். வெறுமையான கட்டத்தோடு தாளைக் கொண்டுவந்த அந்த மாணவி, தன்னுடையதைப் பார்க்காமல் என்னுடையதன் முன்னேயே நின்றாள். விரலை மேலும் கீழும் நகர்த்திப் படித்தாள்.

"உங்க பேரு நாலு எடத்துல இருக்கே டீச்சர்" என்றாள். "ஒன்னு மட்டும் ஏன் பென்சில்?"