சின்னத் தாத்தாவின் சட்டைக் கை

ஜூன் 11, 2025, புதன். திருவையாறு

அத்தை வீட்டுப் பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கினோம். திறந்ததும் அந்துருண்டை வாசனை. புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் மூன்று போட்டோக்கள். இரண்டு திருச்சி ஸ்டுடியோவில் எடுத்தவை. மூன்றாவது, சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டு இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன்: சின்னத் தாத்தா விமானத்துக்கு முன்னால் நிற்கிற படம்.

"அப்பா பர்மா சண்டையில குண்டு போடுற ப்ளேன் ஓட்டுனாருடா" என்றார் அத்தை. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் குறுவைப் பேச்சு. நான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டேன்.

முன்பக்கம் உருண்டையான பெரிய இன்ஜின். நீளமான கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரும் இடம். இறக்கை பாதி வழியில் மடங்கின மாதிரி இருக்கிறது. ஹரிக்கேன் விமானம் இல்லை, அதில் ஒரே ஆள்தான். இது வல்டீ வெஞ்சன்ஸ். அமெரிக்காவில் செய்த, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம். அதை வைத்துக்கொண்டு பர்மா போர்முனைக்குப் போன இந்திய விமானப்படை ஸ்குவாட்ரன்கள் இரண்டுதான், 7-உம் 8-உம். இரண்டையும் 1942 டிசம்பர் 1 அன்று தொடங்கினார்கள். 7 விசாகப்பட்டினத்தில், 8 நம் திருச்சியில். ஸ்டுடியோ முத்திரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் 8-இல் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூன் 13, வெள்ளி

இரவு தூக்கம் வரவில்லை. விமானத்தைப் பார்த்த கண், ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை. விமானியாக இருந்தால் இடது சட்டைப்பைக்கு மேலே இறக்கைச் சின்னம் தைத்திருக்கும். அங்கே வெறும் துணி. சட்டைக் கையில் மட்டும் சின்னதாக ஒன்று, கறை என்று நினைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு தகடு உள்ள ப்ரொப்பெல்லர். லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் போட்டுக்கொள்ளும் சின்னம். சின்னத் தாத்தா விமானம் ஓட்டவில்லை. தரையில் நின்று அதைப் பறக்கவைத்தவர்களில் ஒருவர்.

அத்தைக்கு வயது 76. எப்படிச் சொல்வது?

ஜூன் 15, ஞாயிறு

கல்லணையும் திறந்தாச்சு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எழுந்து உள்ளே போனவர், சாமி அலமாரியிலிருந்து ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து கையில் வைத்தார். உள்ளே ஆறு முனை பர்மா ஸ்டார் பதக்கம், ரிப்பன் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. பின்பக்கத்தைத் துடைத்தேன். ஒரு படை எண், அதையடுத்து அவர் பெயர், இங்கிலீஷில். பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்ததில் பெயர் பொறிக்கவில்லை, இந்தியர்களுக்குப் பொறித்தே கொடுத்தார்கள்.

அப்புறம் அத்தை தானாகப் பேசினார். ஊரில் யார் வீட்டு ஆயில் இன்ஜின் நின்றாலும் சின்னத் தாத்தாவைத்தான் கூப்பிடுவார்களாம். திருப்புளி முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, அதன் கட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பாராம். "எங்க கோளாறுன்னு அதுவே சொல்லும்பாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெஞ்சன்ஸின் சைக்ளோன் இன்ஜின் தொல்லை பிடித்தது, எண்ணெய் குடிக்கும். 1943 டிசம்பரில் 8-ஆம் ஸ்குவாட்ரன் சிட்டகாங்கின் டபுள் மூரிங்ஸ் தளத்திலிருந்து பர்மாவின் அரக்கானுக்குப் பறக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து நேர் கீழே பாய்ந்து, குண்டைப் போட்டுவிட்டு நிமிரும்போது இன்ஜின் மக்கர் செய்தால் உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை. ரங்கூன் 1942 மார்ச்சில் விழுந்து பர்மா அரிசி நின்றபின், தஞ்சாவூர் நெல்லை மாகாணம் எதிர்பார்த்திருந்தது. அப்படிப்பட்ட வயலை விட்டுவிட்டுப் போன பிள்ளை அங்கே இன்ஜினுக்குக் காவல் இருந்திருக்கிறார். இது விமானி வேலைக்குக் குறைந்ததென்று நான் ஒப்பமாட்டேன். அத்தையிடமும் அதையே சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

டெல்லி சுப்ரதோ பார்க்கிலுள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்குப் படை எண்ணைக் குறித்து, அத்தை கையெழுத்தோடு பதிவுத்தபால் அனுப்பினேன். ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடுகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பறந்தவர்களின் பெயர் அவற்றில் நாள்வாரியாக இருக்கும். தரையில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவன் பெயர் அபூர்வம். அவனுக்கு வீட்டுப் பெட்டிதான் ஆவணக் காப்பகம்.

அதனால் இன்று போட்டோவின் பின்னால் அத்தையையே எழுதச் சொன்னேன். பேனா மை ஊறும் என்பதால் பென்சிலில், அழுத்தாமல். அப்பாவின் பெயர், படை எண் எழுதினார். அதற்குக் கீழே, நான் சொல்லாமலே, ஒரு வரி சேர்த்தார்: "ப்ளேன் ரிப்பேர் பார்த்தவர்."