இரத்மலானையும் பலாலியும்

யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று கொழும்பில் வாழும் நம்மவரைக் கேட்டால், மைற் கணக்கில் விடை வருவது அரிது. "ஓர் இராப் பயணம்" என்பர். காலத்தைக் கொண்டு தூரத்தை அளப்பது நமது பழைய வழக்கம். அவ்வழக்கின் பொருத்தத்தை இரத்மலானை, பலாலி என்னும் இரு விமான நிலையங்களைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

தேசப்படத்தில் இவ்விரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் ஏறக்குறைய 330 கிலோமீற்றர், அஃதாவது 205 மைல் வரும். இருப்புப்பாதையோ பொல்காவலை, குருநாகல், அநுராதபுரம், வவுனியா என உள்நாட்டில் வளைந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றராகின்றது. கொட்டாஞ்சேனையாருக்குக் கோட்டைப் புகையிரத நிலையம் அண்மை. வெள்ளவத்தையாருக்கோ காலி வீதியில் தெகிவளையையும் கல்கிசையையும் கடந்தால் இரத்மலானை வந்துவிடும்.

1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. காங்கேசன்துறை விமான நிலையம் என அன்று வழங்கியது பலாலியே. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. அந்நாளைய டக்கோட்டா விமானம் மணிக்குச் சுமார் 300 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும். மேலெழவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால், பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம் என மாணவர் எளிதிற் கணித்துவிடலாம். இன்னொரு புதுமையும் உண்டு. பலாலியிலிருந்து சென்னை ஏறக்குறைய 355 கிலோமீற்றர்; திருச்சிராப்பள்ளி 185 கிலோமீற்றரே. வடபுலத்தாருக்குத் தலைநகரும் சென்னையும் ஏறத்தாழ ஒரே தொலைவு. திருச்சியோ அவ்விரண்டினும் அண்மையது!

ஆயினும் கணக்கு எப்போதும் கணக்காக நின்றதில்லை. 1990 யூன் மாதம் போரினால் யாழ்தேவி நின்றது. பின்னர் தரைப்பாதையும் அடைபட்ட காலத்தில், கப்பலும் விமானமுமே மக்களுக்கு வழியாயின. 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம், பத்து நிமிடமளவில் தொடர்பிழந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட அவ்விமானத்தில் இருந்த 55 பேரும் மாண்டனர். அதன் சிதைவுகள் இரணைதீவுக் கடலில் 2012ஆம் ஆண்டிலேயே கண்டெடுக்கப்பட்டன. ஒரு மணி நேரப் பயணம் போனவர்களுக்காக வீட்டார் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். அத்தூரத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றினால் 2020இல் நின்ற அது, 2022 டிசம்பரில் மீண்டது.

ஆகவே, வீட்டிலே பிள்ளைகள் தேசப்படத்தில் அடிமட்டம் வைத்து அளக்கும்போது, 330 கிலோமீற்றர் என்பதோடு பெற்றோர் நிறுத்திவிடாதிருத்தல் நன்று. பாதை திறந்திருக்கும் நாளிலேதான் அவ்வெண் உண்மையாகும் என்பதையும் சொல்லிவைத்தல் வேண்டும்.