கிட்டாருக்குள்ள ஒரு கறுப்பு ஒயர்

என்கிட்ட நாலு எலக்ட்ரிக் கிட்டார் இருக்கு. கடையில வாங்கினப்போ இருந்த மாதிரி இப்போ ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தோட வயித்தையும் ஒரு தடவையாவது திறந்திருக்கேன்.

"ஜிஎச் டாக்டருக்கு இதுக்கெல்லாம் நேரம் எங்க?"ன்னு கேப்பீங்க. நைட் டியூட்டி முடிச்சு வந்தா எனக்கு உடனே தூக்கம் வராது. சால்டரிங் அயர்னை சூடு பண்ணிட்டு உட்காந்துடுவேன். வீட்ல இதுக்கு வச்சிருக்க பேரு "மைனர் ஓ.டி."

கொஞ்சம் நீளமான இழை இது. நடுவுல என்னோட ஒரு தப்பும் வருது. பொறுமையா படிங்க.

முதல்ல எலக்ட்ரிக் கிட்டார் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். கம்பிகளுக்குக் கீழ இருக்க பிக்கப்புல காந்தம் இருக்கும். அதைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசான தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருப்பாங்க. மேல இருக்க இரும்புக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் ஆடும், காயில்ல சின்னதா ஒரு மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபையர் பெரிசாக்குறது அதைத்தான்.

சிக்கல் என்னன்னா, அந்தக் காயில் கிட்டார் கம்பியை மட்டும் கேக்காது. வீட்டு வயரிங், ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர்னு எல்லாத்தையும் கேக்கும். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதான் வாசிக்காம சும்மா நின்னாலும் "ம்ம்ம்ம்"னு ஒரு இரைச்சல்.

இசிஜி எடுக்குற ரூம்ல இருந்தவங்களுக்கு இது நல்லா தெரியும். சில நேரம் கோடு மெல்லிசா வராம ரம்பப் பல்லு மாதிரி பொடிப்பொடியா தடிச்சு வரும். அங்க எழுதுறதும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். இசிஜி மெஷின் என்ன பண்ணும்? ரெண்டு எலக்ட்ரோடுக்கும் பொதுவா வர்ற இரைச்சலைக் கழிச்சிட்டு வித்தியாசத்தை மட்டும் வரையும்.

1955ல கிப்சன் கம்பெனியில இருந்த செத் லவர் கிட்டாருக்குப் பண்ணதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஒண்ணுக்கு ரெண்டு காயில், ரெண்டுலயும் காந்தம் எதிரெதிர், இணைப்பும் எதிரெதிர். வெளி இரைச்சல் ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், கம்பியோட ஒலி மட்டும் ஒண்ணாச் சேரும். அதுக்குப் பேரு ஹம்பக்கர்.

எட்டி வான் ஹேலன் அதை எடுத்து ஸ்ட்ராட் மாதிரி உடம்புல சொருகினார்ல, அதைப் பார்த்துத்தான் என் ரெண்டாவது கிட்டாரை நான் வெட்டினேன். மரத்துல பள்ளம் பெரிசாக்கணும். உளி பிடிச்சது என் ஆர்த்தோ நண்பன். எலும்புல காட்டுற பொறுமையை அவன் மரத்துல காட்டலை. ஒரு பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் அதிகமாப் போயிடுச்சு. பிளாஸ்டிக் தகடு மறைச்சிடும்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

மூணாவதுக்கு ரிச்சி தெருவுல தாமிர டேப் வாங்கிட்டு வந்து உள்பள்ளம் முழுக்க ஒட்டினேன். நாலாவதுல 250கே பொட்டை எடுத்துட்டு 500கே போட்டேன், ஒலி கொஞ்சம் பளிச்னு ஆச்சு. அதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

சொல்ல வேண்டியது முதல் கிட்டாரைப் பத்தி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஸ்ட்ராட் காப்பி. பின்மூடியைத் திறந்தா ஸ்பிரிங் மாட்டுற இரும்புக் கொக்கியில ஒரு கறுப்பு ஒயர் பத்த வச்சிருக்கும். அது வழியாத்தான் கம்பிகள் எல்லாம் எர்த்தோட சேருது. நம்ம உடம்பும் இரைச்சலை வாங்கி அனுப்புற ஒரு ஆன்டெனாதான். கம்பியில கை வச்சதும் உடம்பு எர்த் ஆகி இரைச்சல் குறையும். (அந்த இடத்துல 25 வாட் அயர்ன் வேலைக்கு ஆகாது. சூட்டை எல்லாம் கொக்கியே குடிச்சிடும். 60 வாட் வேணும்.)

அப்படின்னா வாசிக்குறவரோட கை எந்நேரமும் ஆம்ப்போட உடம்போட இணைஞ்சிருக்கு. ஆம்ப் நல்லா இருக்குற வரைக்கும் பிரச்சனை இல்ல.

நான் எம்பிபிஎஸ் மூணாவது வருஷம். ஹாஸ்டல் ரூம்ல கம்ப்யூட்டரையும் ஆம்ப்பையும் கேபிள்ல இணைச்சு, பாட்டைப் போட்டு கூடவே வாசிப்பேன். இணைச்சா "ம்ம்ம்". ரெண்டுக்கும் தனித்தனி எர்த் இருக்கறதால வர்ற லூப் அது. ஒரு சீனியர் வழி சொன்னார். ஆம்ப்போட பிளக்கைக் கழட்டி பச்சை ஒயரை வெட்டிவிட்டேன். இரைச்சல் சுத்தமா நின்னுடுச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கே!

அப்புறம் வெறுங்கால்ல வாசிச்சா விரல்ல சில நேரம் சுரீர்னு இருக்கும். நான் கண்டுக்கலை.

சில மாசம் கழிச்சு ஹாஸ்டல் டே. கடைசிப் பாட்டுக்கு என் நண்பன் என் கிட்டாரை மாட்டிக்கிட்டு பாட வந்தான். இடது கை கம்பி மேல. உதடு மைக்கைத் தொட்டுச்சு. பாட்டு ஆரம்பிக்கலை. அவன் மைக்கை விட்டு வரவும் இல்ல, கத்தவும் இல்ல. மூணு நாலு செகண்ட் இருக்கும். மைக் செட் அண்ணன்தான் ஓடிப்போய் மெயினை அணைச்சார்.

கீழ விழுந்தான். மூச்சு இருந்துச்சு, நாடி இருந்துச்சு. கீழுதட்டுல வெள்ளையா ஒரு புள்ளி. கேஷுவாலிட்டி பக்கத்துலயே இருந்துச்சு. இசிஜி நார்மல்.

டியூட்டி டாக்டர் என்கிட்டதான் கேட்டார், "எப்படிப்பா ஆச்சு?" நான் சொன்னேன்: "மைக்ல ஏதோ லீக் சார்."

மைக் செட் அண்ணனைச் சுத்தி நின்னு எல்லாரும் கத்தினாங்க. "தம்பி, என் பக்கம் எர்த் சரியா இருக்கு, வந்து பாருங்க"ன்னு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் போய்ப் பாக்கலை. பேசின காசுல பாதிதான் கொடுத்தாங்க. எண்ணிக்கூடப் பாக்காம பாக்கெட்ல வச்சுக்கிட்டார். நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன்.

ஒரு வாரம் கழிச்சு ஆம்ப்பைக் கடையில திறந்து பார்த்தா டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போயி, பாடியில கரண்ட் வந்துட்டு இருந்துருக்கு. பச்சை ஒயர் இருந்திருந்தா அது மண்ணுக்குப் போயிருக்கும். நான் வெட்டிட்டதால கம்பி வரைக்கும் வந்து காத்துட்டு இருந்துச்சு. அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. அவரோட மைக் சரியா எர்த் ஆகியிருந்ததாலதான் சுற்று பூர்த்தியாச்சு. ஒரு முனை கை, இன்னொரு முனை உதடு. நடுவுல நெஞ்சு.

1972ல ஸ்வான்சீ மேடையில ஸ்டோன் தி குரோஸ் இசைக்குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ஞ்சு இறந்தார். 1976ல யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்ல கிட்டார் வாசிக்கும்போது அதேபோல இறந்தார். இதெல்லாம் பின்னாடி படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது அந்த வெள்ளைப் புள்ளிதான்.

இப்போ கேஷுவாலிட்டியில ஷாக் அடிச்சவங்களை நான் பாக்குறேன். வீட்டு கரண்ட் 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே கை இறுகிடும், விட நினைச்சாலும் விட முடியாது. 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியா போனா இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். யாருக்காவது ஷாக் அடிச்சா முதல்ல அவரைத் தொடாதீங்க, மெயினை அணைங்க. மூச்சு இல்லைன்னா 108க்குச் சொல்லிட்டு உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. எழுந்து உட்காந்து "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும் கூட்டிட்டு வந்து ஒரு இசிஜி எடுத்துடுங்க.

கிட்டார் வச்சிருக்க தம்பி தங்கச்சிகளே, இரைச்சல் வந்தா கிட்டாருக்குள்ள தேடுங்க. ஷீல்டிங் பண்ணுங்க, பிக்கப் மாத்துங்க. கம்ப்யூட்டரோட இணைக்கும்போது வந்தா ஆடியோ ஐசொலேட்டர்னு ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும், நடுவுல மாட்டுங்க. பிளக்கோட மூணாவது பின்ல மட்டும் கை வைக்காதீங்க. கம்பியில சுரீர்னா அன்னைக்கே நிறுத்துங்க. வீட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல இருக்க டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, டப்னு விழணும்.

இதை எழுதறதுக்கு முன்னாடி நண்பனுக்கு போன் பண்ணி முழுசா சொன்னேன். இத்தனை வருஷம் கழிச்சு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "பதிவு போடு. என் பேரைப் போடாத"ன்னான்.

ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஊருக்குப் போனப்போ மைக் செட் கடையைத் தேடினேன். அங்க இப்போ மொபைல் கடை இருக்கு. பழைய கடை எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரியலை.

மேடைக்குப் பின்னாடி பச்சை டெம்போவை நிறுத்தி வச்சிருந்த அண்ணே, இது உங்க கண்ணுல பட்டா, இல்ல உங்க பிள்ளைங்க கண்ணுல பட்டா, இன்பாக்ஸ் வாங்க. பாதிக் காசு என்கிட்ட பாக்கி இருக்கு.