எதிரே வருபவரின் கண்

சித்தூரில் என் தந்தையாரின் மிதிவண்டி விளக்கு, சக்கரத்தோடு உராயும் டைனமோவால் எரிந்தது. மிதித்தால் ஒளி, நின்றால் இருள். தெருமுனையில் அந்த மஞ்சள் ஒளி அசையக் கண்ட பின்னரே அன்னையார் இலை போடுவார்.

கடல்கடந்து குடியேறிய நான், ஒரு விடுமுறையில் ஊர் சென்றபோது, சித்தூரிலிருந்து திருப்பதி வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டரை இரவில் மிதிவண்டியிலேயே கடக்க விழைந்தேன். விளக்கையும் நானே செய்தேன். திறன்மிக்க நீல ஒளி டையோடை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்நீல ஒளி மஞ்சள் ஒளிர்பொருளின் ஊடே வரும்போது வெண்மையாகிறது. சீரான மின்னோட்டம் தரும் சுற்றையும், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகட்டையும் பொருத்தினேன். பகல்போல் எரிந்தது, பெருமிதம் கொண்டேன்.

விடியற்காலையில் எதிரே மிதிவண்டியில் வந்த பால்காரப் பெரியவர், கண்கூசித் தடுமாறி மண்ணில் சாய்ந்தார். பால் முழுதும் கொட்டிப்போயிற்று. பதறி ஓடித் தூக்கினேன். அவர் தெலுங்கில் சொன்னது இவ்வளவே: “நாயனா, உனக்கு வழி தெரிந்தது, எனக்கு?”

பாலின் விலையை வற்புறுத்திக் கொடுத்தேன். அவர் வினாவுக்கு விடைதான் இல்லை. அங்கேயே விளக்கைத் தாழ்த்தி, ஒளி சாலையில் மட்டும் விழுமாறு மேலே ஒரு மறைப்பும் கட்டினேன்.

தந்தையாரின் மங்கிய விளக்கு எவரையும் வீழ்த்தியதில்லை. பிள்ளைகளுக்கு விளக்குத் தேர்ந்தெடுக்கும் அன்பர்கள், அதன் ஒளி எவ்வளவு என்பதோடு, அது எங்கே விழுகிறது என்பதையும் ஒருமுறை எதிரே நின்று பார்த்துவிடுங்கள்.